வாலுள்ளதும் வாலில்லாததும்

கிழக்கு ஆப்பிரிக்காவில், விக்டோரியா ஏரிக்கரையில் இருந்த ஒரு ரயில் நிலையத்தில் என் கணவர் குமாஸ்தாவாக இருந்தார். பிள்ளைகள் இல்லாத வீடு, பகல் நகராது. கொசுவலைத் துணியில் ஒரு வலை தைத்துக்கொண்டு பட்டாம்பூச்சி பிடிக்கக் கிளம்பினேன். பிறகு அதை விட முடியவில்லை.

யுத்தம் முடிந்து சில வருஷங்களில், விடாத மலேரியாவால் அவர் வேலையை விட்டார். ராயபுரத்துக்குத் திரும்பினோம். முக்கோணமாக மடித்த காகித உறைகளில் என் பட்டாம்பூச்சிகளும் மூன்று தகரப் பெட்டிகளில் கப்பலேறி வந்தன.

வந்த முதல் மழையிலேயே ஒரு பெட்டி முழுக்கப் பூஞ்சை. மற்ற இரண்டிலும் எறும்பு ஏறப் பார்த்தது. மீன் விற்கும் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "செத்த பூச்சிக்கு இன்னாத்துக்குமே இம்மாம் பேஜாரு? வாரிக் கடல்ல கொட்டு."

நான் கொட்டவில்லை. மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். மிஞ்சியதை இனம் பிரித்து அட்டவணை போட்டே தீருவது என்று உட்கார்ந்தேன்.

காய்ந்த சிறகை ஈரமணல் டப்பாவில் வைத்தால் இளகும். நான் விரித்து ஊசி குத்துவேன். அவர் பட்டாம்பூச்சிப் புத்தகம் ஒன்றைப் பார்த்து எண்ணும் பெயரும் இங்கிலீஷில் எழுதுவார். பாதியில்தான் சண்டை வந்தது. ஒரே உறையில் இரண்டு இருந்தன. ஒன்று வெளிர் மஞ்சள், பின் சிறகில் வால். மற்றது கறுப்பும் வெள்ளையும், வாலே கிடையாது.

"வேற வேற இனம். உறை மாறிப் போச்சு," என்றார்.

"மாறல. ரெண்டும் சேந்துகினு இருந்தப்பவே வலைய போட்டேன். ஆணும் பொண்ணுமுங்க இது."

"இன்னா பேசறே நீ? ஜாடையே இல்லியே!"

தனித்தனி எண் போட்டுவிட்டார். நான் அந்த இரண்டு எண்ணையும் கோடு போட்டு அடித்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்து போனார். ஏரிக்கரைப் புதரில், ஒரே இலையில், அவை ஒட்டிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தவள். எப்படி விட்டுக்கொடுப்பேன்?

மறுநாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜட்காவில் எழும்பூர் மியூசியத்துக்குப் போனேன். கூப்பிடாமலே அவரும் ஏறி உட்கார்ந்தார். அங்கிருந்த அதிகாரி பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "சேர்ந்திருக்கும்போதே பிடித்தீர்களா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்படியானால் சந்தேகமே இல்லை, ஒரே இனம்தான். வாலில்லாததுதான் பெண், பறவை தொடாத கசப்புப் பூச்சியைப் போல வேஷம் போடும். படத்தில் பார்த்திருக்கிறேன், ஜோடியாக இப்போதுதான் பார்க்கிறேன்."

பெட்டியை மூடி வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஜட்கா தங்கசாலையைத் தாண்டியது. அவர், "வூட்டுக்குப் போனதும் ஒரே எண்ணா எழுதிடறேன்," என்றார். "இன்னும் எவ்ளோ உறை கீது?"

"ஒரு பெட்டி முழுக்க."

"அடுத்த மழைக்கு முன்னால முடிச்சிடணும்."

முடித்தோம்.