ஞாயிற்றுக்கிழமை உலையும் ஒரு தூங்குமூஞ்சி நிரலும்

கணினிக்கு நேரம் குறித்துக் கொடுப்பது என் தொழில். இன்ன வேலையை இன்ன நேரத்தில் செய் என்று சொல்லிவைத்துவிட்டு, அது செய்து முடிக்கும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அலாரம் வைத்துவிட்டு, அது அடிக்கும் முன்பே விழித்து அதையே முறைத்துக்கொண்டு படுத்திருக்கும் அன்பர்களே, நீங்களும் என் கட்சிதான்.

திருமழிசைத் தொழிற்பேட்டையில், பல்சக்கரங்களை உலையில் சுட்டு உறுதியாக்கும் கம்பெனி எங்களுடையது. அங்கே ஷிப்டுக்கும் டீக்கும் சங்கு ஊதுவது என் கணினி நிரல். ஸ்மால்டாக் என்ற மொழியில் எழுதியது. மற்ற நிரல்கள் மூடினால் செத்து, திறந்தால் புதிதாகப் பிறக்கும். இது தூங்கும். பாதியில் காத்துக்கொண்டிருக்கும் வேலைகளோடு சேர்த்து எல்லாவற்றையும் 'இமேஜ்' என்ற ஒரே கோப்பில் உறைய வைத்துவிடும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து கண்விழிக்கும். ஆடியில் மூடிய ஒரு இமேஜைத் தையில் திறந்தபோது, "கூழ் எங்கே?" என்று அது கேட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் மேலாளர் சுகந்தி மேடம் கோயம்புத்தூர்க்காரர்; இதை மட்டும் நம்ப மறுக்கிறார்.

உலைக்காரர் அந்தோணி, நெமிலிச்சேரி. திங்கள் காலை முதல் ஷிப்டுக்கு உலை கனிந்திருக்க வேண்டுமானால் ஞாயிறு மாலையே அதை மூட்ட வேண்டும். வாட்ச்மேன் அதில் கைவைக்கக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. ஆகவே ஞாயிறுதோறும் அந்தோணி வருவார். இந்த ஞாயிறு மாலை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். "உலையை என் நிரல் மூட்டும். நீ மோதிரம் மாற்றுவதைப் பார்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்குகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

மூன்று சங்கு

முதலில் தேநீர்ச் சங்கை வைத்துப் பழகலாம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து ஊது என்று நாலு வரி எழுதி, அதைத் தேர்ந்தெடுத்து, 'செய்' என்றேன். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. காது கேட்கவில்லை போலும் என்று சற்று நேரம் கழித்து மறுபடி 'செய்'. இன்னும் சற்றுக் கழித்து இன்னொரு தடவையும்.

காத்திருக்கிற வேலை திரையில் முகம் காட்டாது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அவசரத்தில் அது மறந்துபோயிற்று. ஒவ்வொரு 'செய்'க்கும் ஒரு சங்கு பிறந்து, மூன்றும் வரிசையாக ஊதின. ஆட்கள் டீக்குப் போனார்கள், திரும்பினார்கள், மறுபடி போனார்கள். அந்தோணி டம்ளரோடு என் மேசைக்கு வந்தார்.

"நைனா, டெய்லி இப்டியே ஊதிக்கினு இரு. மூணாவது டீக்கு நான் வடை வாங்கியாறேன்."

கரண்ட் வந்த பிறகு

அடுத்த பயம் மின்வெட்டு. கரண்ட் போனால் பேட்டரி தீருவதற்குள் இமேஜ் தன்னைச் சேமித்து மூடிக்கொள்ளும். அது ஏற்கனவே உண்டு. நான் ஒரு விதி சேர்த்தேன்: கண்விழித்ததும் கடிகாரத்தைப் பார், தூக்கத்தில் தவறவிட்டதையெல்லாம் உடனே செய். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. ஷிப்ட் சங்கு, டீச் சங்கு, சாப்பாட்டுச் சங்கு, மறுபடி டீ என்று அன்றைய கடனையெல்லாம் நிரல் ஒரே மூச்சில் தீர்த்தது. ஓசை வேளச்சேரி வரை கேட்டதாகச் சொன்னார்கள். நான் பூந்தமல்லி வரை ஒப்புக்கொள்கிறேன். மேடம் காதிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரே நிமிஷத்துல ஒரு நாள் பொழப்ப முடிச்சுட்டோமுங்க சார். ஞாயித்துக்கிழமைக்கு அந்தோணியையே வரச் சொல்லிரலாமுங்களா?"

பஸ்ஸில் தூங்கியது

"நாளை வரை பொறுங்கள்" என்றேன். ஆத்திரத்தில் அந்தக் கடிகார விதியையே பிடுங்கி எறிந்துவிட்டு, 'இத்தனை மணி நேரம் காத்திரு, பிறகு மூட்டு' என்று மட்டும் எழுதி ஓடவிட்டேன். அப்படியே உறைய வைத்த இமேஜின் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோவில்பதாகைக்கு பஸ் ஏறினேன். வீட்டில் உலைக்குப் பதில் மேசை விளக்கை இணைத்துத் திறந்து வைத்தேன்.

எரிய வேண்டிய நேரத்தில் விளக்கு எரியவில்லை. என் மனைவி இட்லி ஊற்றி, எடுத்து, நான் தின்றும் முடித்த பிறகு சாவகாசமாக எரிந்தது. கணக்குப் போட்டால் பூந்தமல்லி நெரிசலில் பஸ் நின்ற நேரமும் சேர்த்து, என் பயண நேரம் அவ்வளவும் தாமதம். சட்டைப்பையில் தூங்கியபோது உலகம் நகர்ந்தது அதற்குத் தெரியவே தெரியாது. இதை நான் தலையில் அடித்துக்கொண்டு விளக்க, மனைவி தட்டை எடுத்தாள்.

"எழுந்ததும் மணி பாக்கச் சொல்லணும்தான். அதுக்காக காலைல குடிக்காத காபியையும் சேத்து ராத்திரியில யாராவது குடிப்பாங்களா?"

நெமிலிச்சேரியில் மோதிரம்

சனிக்கிழமை முழுக்க அதையே எழுதினேன்: எழுந்ததும் மணி பார், தவறிய சங்கு போனது போகட்டும், தவறிய உலையை மட்டும் உடனே மூட்டு. கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தேன். மேடம் சரியென்று தலையசைத்தார்.

ஞாயிறு மாலை, மாதா கோவிலை ஒட்டிய கூடம். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கும்போது அந்தோணியின் போன் அதிர்ந்தது, வாட்ச்மேன். கம்பெனியில் கரண்ட் இல்லை, உலை மூட்டும் நேரமும் தாண்டிவிட்டது. அந்தோணி செருப்பைத் தேடினார்.

"மொத லாட்டு சரக்கு போச்சுன்னா எம்மேலதான் வுழும், நைனா. நான் ஓடிப் போயி வந்துர்றேன்."

"பொண்ணு உன்னைத்தான் பார்க்குது. உட்கார்" என்று அவர் வேட்டி முனையைக் காலால் மிதித்துக்கொண்டேன். எனக்கு நெஞ்சு அடித்த அடியில் பாதிரியார் ஒரு வரியைத் திரும்பப் படித்தார். மோதிரம் விரலில் ஏறியது. கை தட்டினார்கள். பிரியாணி வரிசையில் நிற்கும்போது மறுபடி வாட்ச்மேன்: கரண்ட் வந்துவிட்டது, உலை தானாகச் சிவக்கிறது, காலைக்குள் தாராளமாகக் கனிந்துவிடும், சங்கு ஒன்றுகூட ஊதவில்லை.

அந்தோணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தன் மனைவி எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"எல்லாம் சரி நைனா, இனிமே ஞாயித்துக்கெயம சாய்ந்தரம் இன்னா சாக்கு சொல்லி ஊட்ட வுட்டு வெளிய வர்றது?"

ஆக, எழுந்ததும் எதைச் செய்வது, எதை விடுவது என்று ஒரு நிரலுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். நான்தான் இன்னமும் அலாரத்துக்கு முன்னால் எழுந்து அதை முறைத்துக்கொண்டிருக்கிறேன்.