மீனைப் பிடித்தவர் வரவில்லை

அந்த அறையில் காவல்துறை அலுவலர் இருந்தார், மாமா இருந்தார், மாமாவுக்கு மொழிபெயர்க்க நான் இருந்தேன். மீனைப் பிடித்தவர் மட்டும் இல்லை. அவருடைய பொய்ப்பூச்சி மேசை நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. செம்மஞ்சள் நூலும் கொஞ்சம் இறகும் சுற்றி, இறால்குஞ்சு போலக் கட்டிய சின்னக் கொக்கி அது. என் கோபம் அந்த மேசையில்தான் தொடங்கியது. இன்னும் ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. நோர்வேயில், ஹவுகெட்டோ என்ற இடத்தில் எங்களோடுதான் இருந்தார். ஊரில் வீச்சுவலை எறிந்தவர். இங்கே ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் சலவைக்கூடத்தில் வேலை. நாலு சொல் நோர்வேஜிய மொழி தெரியாமல் நின்றவரை வேலைக்கு எடுத்தவர் அங்கே மேற்பார்வை பார்த்த போர்மன். அந்த நன்றியை மாமா ஒரு நோய்போலச் சுமந்தார். போர்மனுக்குக் குளிர்காலத்திலும் ட்ரவுட் மீன் பிடிக்கும் பைத்தியம் இருந்தது. தை, மாசியில் கரையோரம் பனிக்கட்டி கட்டியிருக்கும்போது முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நிற்பார். தூண்டில் தடியின் வளையங்களில் நூல் உறைந்துபோகும்; விரலால் கட்டியை உடைத்துவிட்டு மறுபடி வீசுவார். மாமாவையும் கூட்டிப் போவார், சனிக்கிழமைகளில் நானும் தொற்றிக்கொள்வேன். மாமாவுக்கு முதலில் எல்லாம் பகிடி. “வலை எறிஞ்சா ஒரு வீச்சிலை சட்டி நிறையும். இந்தாள் பூச்சியை ஆயிரந்தரம் எறியுது, பிறகு பிடிச்ச மீனைக் கொஞ்சிப்போட்டுத் திருப்பி விடுது. ஊரிலையெண்டா கட்டிவச்சு மருந்து குடுப்பினம்.” ஆனாலும் இரண்டாவது குளிரில் மாமாவின் நூல் போர்மனின் நூலைவிடத் தூரம் போய் ஓசையில்லாமல் விழுந்தது. அதைப் பார்த்துப் போர்மன் ஒருநாளும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை கடலில் விழும் இடத்துக்குப் போனோம். கரையில் ஒரு மஞ்சள் பலகை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். எதைக் கண்டாலும் வாசிப்பேன். ஓடை வாயில் மீன் பிடிக்கத் தடை என்று வாசித்துச் சொன்னேன். போர்மன் சிரித்தார். “அது வலை போடுகிறவர்களுக்கு. நான் சின்ன வயதிலிருந்தே இங்கே நிற்கிறேன்.” அச்சில் இருந்ததைவிட அந்தச் சிரிப்பை நம்பினேன். என்மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி அந்தச் சிரிப்புக்கு.

அரைமணி நேரத்தில் போர்மனுக்கு ஒரு மீன் விழுந்தது. முட்டையிட்டு முடித்து, வயிறு ஒட்டி, தலை மட்டும் பெருத்துப்போன நீளமான மீன். கொக்கியைத் தொண்டைவரை விழுங்கியிருந்தது. இரத்தம் நிற்கவில்லை. கல்லால் தலையில் அடித்து, மாமாவின் பையில் போட்டார். “நீங்கள் எதையும் சாப்பிடுவீர்கள்தானே” என்றார். அதையும் நான்தான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். பிறகு தடியை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, கோப்பி எடுத்துவரக் காருக்குப் போனார். அவர் போன கையோடு பச்சைச் சட்டையில் மீன்பிடிக் காவலர் வந்தார்.

கார் நின்ற இடத்திலிருந்து எங்களைப் பார்க்கலாம். போர்மன் பார்த்தார். முன்சீட்டில் இருந்தபடியே பார்த்தார், இறங்கவில்லை.

“நான் பிடிச்சனான் எண்டு சொல்லு” என்றார் மாமா.

“மாமா, அது பொய். அந்தா, காருக்குள்ளை இருக்கிறார். கூப்பிடுவம்.”

“விசர்க்கதை கதையாதை. எனக்குச் சோத்துக்கு வழி காட்டின மனுசன். அவரைக் காட்டிக் குடுக்கிறதோ? ஒரு மீனுக்கு ஆரும் தூக்கிலை போடமாட்டாங்கள் மருமோன், சொல்லு.”

சொன்னேன். காவல்நிலையத்திலும் அதையே இலக்கணப் பிழையில்லாமல் நல்ல நோர்வேஜிய மொழியில் சொன்னேன். மாமா கையொப்பம் வைத்தார். அபராதம் கட்டினால் விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். அலுவலர் அந்தப் பூச்சியை உறையோடு மாமாவிடமே திருப்பித் தந்தார். திங்கட்கிழமை போர்மன் மாமாவின் தோளில் தட்டி ஒரு பெட்டி சொக்கலேற் கொடுத்தாராம். மாமா அதைப் பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் தொடவில்லை.

அப்போது மாமாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம் போயிருந்தது. அவரிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம், ஊருக்கு மட்டும் போகமுடியாது. ஊரில் அவருடைய ஐயா, என் அம்மாவின் அப்பா, படுக்கையில் இருந்தார். அங்கே சண்டை நின்று, ஊருக்குப் போகும் பாதை திறந்திருந்த காலம். நோர்வே கடவுச்சீட்டு வைத்திருந்த அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “தம்பி எங்கை எண்டுதான் ஒவ்வொரு நாளும் கேட்டவர்” என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணியை ஆற்றினார். அடுத்த மாதம் கடிதம் வந்தது. அபராதம் பதிவில் இருப்பதால் விண்ணப்பம் தள்ளிவைக்கப்படுகிறது, காத்திருக்கவேண்டும்.

மாமாவுக்குச் சொல்லாமல் சலவைக்கூடத்துக்குப் போனேன். உண்மையை நாலு வரியில் எழுதித் தாருங்கள் என்று போர்மனிடம் கேட்டேன். ஈர விரிப்புகளின் ஆவிக்குள் நின்று அவர் அமைதியாகச் சொன்னார்: “தான் பிடித்ததாக உன் மாமா சொன்னாரே. நீதானே மொழிபெயர்த்தாய்?”

படித்தவன் என்று வீடு கொண்டாடிய என் நாக்கைத்தான் அந்த மனிதர் சாட்சிக்கு இழுத்தார். வந்து மாமாவிடம் கத்தினேன். அவர் கோபப்பட்டதும் என்மேல்தான்: “உன்னை ஆர் அங்கை போகச் சொன்னது?”

காத்திருக்கும் காலம் முடியுமுன் சண்டை மறுபடி தொடங்கி, பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஐயா செத்துப்போனார். மாமாவின் சிவப்பு நோர்வே கடவுச்சீட்டு அதற்குப் பிறகு வந்தது. ஒரு பிஸ்கட் தகரத்துக்குள், அபராத ரசீதுக்கும் உறைக்குள் இருக்கும் அந்தப் பூச்சிக்கும் மேலே, முத்திரை ஒன்றுகூட விழாமல் அது கிடக்கிறது. கொக்கி துருவேறிவிட்டது. செம்மஞ்சள் நூல் மட்டும் வெளிறவில்லை.

போர்மனைப் பற்றி மாமா வாயால் வந்த ஒரே கசப்பு, ஐயாவின் செத்தவீட்டுக்குக் காசு அனுப்ப நான் படிவம் நிரப்பிய அன்று வந்தது. எவ்வளவு போட என்று கேட்டேன். “மீனுக்குக் கட்டினதிலும் குறையப் போடாதை” என்றார். மீனுக்கு அபராதம் ஆறாயிரம் குரோனர். ஐயாவுக்கு ஆறாயிரம் குரோனர். மொத்தம் பன்னிரண்டாயிரம்.