கிராம்புத் தாளும் மாமியார் மூக்கும்

காகித ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கிராம்பு'. கிராம்பு எண்ணெயையும் தண்ணீரையும் பால்போலக் கலக்கி, தாளில் பூசி, அதில் சுற்றிய ரொட்டியைப் பூசணம் அண்டாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாகக் குடித்தனம் நடத்த வைப்பது லேசுப்பட்ட காரியமா? மாலையில் ஒட்டி உறவாடும்; காலையில் பார்த்தால் எண்ணெய் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே மிதக்கும். வருஷக்கணக்காக மல்லுக்கட்டி ஒருவழியாக இரண்டையும் சேர்த்துவைத்தாள்.

வீட்டில்தான் நல்ல பேர் இல்லை. "பல்வலி மருந்து நடந்து வர்ற மாதிரி இருக்கு. குளிச்சிட்டு அடுப்படிக்கு வா," என்பார் மாமியார். அந்த அம்மாளுக்கு வாயும் நீளம், மூக்கும் நீளம். மருமகள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள்.

ஒருநாள் பேக்கரிக்கு அனுப்பிய மாதிரித் தாள்கள் திரும்பி வந்தன. ரொட்டியில் பூசணம் இல்லை; ஆனால் மருந்து வாடையில் வாயில் வைக்க முடியவில்லையாம்.

"முகர்ந்து பார்த்துதானே அனுப்பினீங்க?" என்றார் மேலாளர்.

பார்த்துத்தான் அனுப்பினாள். எண்ணெய்ப் புட்டியைத் திறந்து மூக்கருகே பிடித்தாள். வெறும் தண்ணீரை முகர்வதுபோல் இருந்தது. வருஷக்கணக்காகக் கிராம்பிலேயே ஊறி மூக்கு மரத்துப்போயிருந்தது. மூக்கு செத்துவிட்டது என்று சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் தாள் போகும். சொல்லிவிட்டாள்.

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "இன்னும் ஒரே ஒரு தடவை. நல்ல மூக்கா ஒண்ணைப் பிடிச்சிட்டு வாங்க."

ஒவ்வொரு தாளிலும் எண்ணெயைப் படிப்படியாகக் குறைத்தாள். குறைந்த எண்ணெய் தாளெங்கும் பரவும்படி துளிகளை இன்னும் பொடியாக்கினாள். பூசணச் சோதனையில் தேறிய தாள்களில் மட்டும் ரொட்டியைச் சுற்றினாள். காரணம் எதுவும் சொல்லாமல் மாமியாரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவந்து உட்காரவைத்தாள்.

"இது மருந்து. இதுவும் மருந்து. இது என்ன, மருந்து டப்பா கழுவின தண்ணியா?"

கடைசித் துண்டை மாமியார் பேசாமல் தின்று முடித்தார். மருமகள் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்: "இப்போ என்ன வாசனை வருது அத்தை?"

"ஏன், உனக்கு மூக்கு இல்லையா?" என்று சீறிய மாமியார், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். இன்னொரு துண்டைப் பிய்த்து அவள் மூக்கருகே நீட்டினார். "இதுகூடவா தெரியலை?"

தெரியவில்லை என்று அவள் தலையாட்டினாள்.

மாமியார் துண்டைக் கீழே வைத்தார். "பெருசா ஒண்ணும் இல்லம்மா," என்றார். "வெறும் ரொட்டி வாசனைதான்."

தாள் பிழைத்துவிட்டது. மருமகள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.