ஒரு ‘இன்’ விழுந்த நாள்

நான் மைக்கில் சொல்லி ஒரு ஆள் செத்துப்போனார். மத்தியானம் ஆடுகளோடு வந்து இறங்கினார்.

புதுசாக மைக் ஆட்டோ போடுகிற தம்பிகள் தொழில் கேட்டு வந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்வது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாப்போடு படிப்பு நின்றாச்சு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. முக்குக்கு முக்கு

காரைக்குடியில் சாவுக்கு அறிவிப்புச் செய்கிற ஆட்டோ என்னுடையது. மேலே குழாய் ஸ்பீக்கர். உள்ளே ஆம்ப்ளிபயர், பேட்டரி, மைக். இப்போது எல்லாரும் பென் டிரைவில் பதிந்து ஓடவிடுகிறார்கள். நான் வாயால்தான் சொல்வேன். ஒவ்வொரு தெரு முக்கிலும் நிறுத்துவேன். சொல்வேன். போவேன்.

எங்கள் தொழிலில் இறந்தவர் பேர் கடைசியில்தான் வரும். முதலில் இன்னாரின் தகப்பனாரும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் சம்பந்தியும் என்று உறவு வரும். அதிலும் ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஆள் பேர் முன்னால் வரும். அப்போதுதான் சனம் காது கொடுக்கும்.

வால்வு சுப்பையா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர். தோளில் எப்போதும் வால்வு திருப்புகிற நீளக் கம்பி. தெருவுக்கு ஒரு நேரம். நேரம் முடிந்தால் ஒரு குடம்கூடக் கிடையாது.

“இன்னும் ரெண்டு குடம்ணே” என்று கேட்டால், “குடத்தைக் கழுவுன தண்ணியைக் கீழ ஊத்துனீகள்ல, அதை அள்ளிக்கங்க” என்பார்.

அவரோடு சண்டை போடாத வீடு கிடையாது. நானும் போட்டிருக்கிறேன்.

வாசலில் அவர் மகள் செல்வி நின்றாள். ஒரே பிள்ளை. துணிக்கடையில் வேலை. உள்ளே அவள் அம்மா பொன்னம்மாள். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர். அவ்வளவுதான் கூட்டம்.

“மைக்கண்ணே, அப்பா பேரைச் சொன்னா ஒருத்தரும் வரமாட்டாக.”

“வருவாக தாயி.”

“எதுத்த வீடே வரலை, பாருங்க. தூக்குறதுக்கு ஆள் வேணும்ணே. எங்க மாமா பேரை மொதல்ல சொல்லுங்க. அவுக பேருக்கு ஊரே வரும்.”

மாமா என்றது கறிக்கடைச் சேவுகனை. பொன்னம்மாளின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் நிற்காத ஆள் இந்த ஊரில் கிடையாது. ஆனால் மச்சானோடு பல வருசமாகப் பேச்சு இல்லை. சேவுகன் மகளுக்குக் காதுகுத்து வைத்தார். ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போட்டார். அன்றைக்கு அந்தத் தெருவுக்குத் தண்ணீர் முறை இல்லை. சுப்பையா திறக்கவில்லை. சொந்த மச்சினன் வீட்டு விசேசம், திறக்கவில்லை. வந்த சனமெல்லாம் கையில் குழம்போடு நின்றது. கடைசியில் சோடா வாங்கிக் கை கழுவினார்கள். அன்றோடு முறிந்தது.

“மாமாவுக்குச் சொல்லியாச்சா?”

“போன் அடிக்குது. எடுக்கலை. பேசாதவுக எப்படி எடுப்பாக?”

உள்ளேயிருந்து பொன்னம்மாள் குரல் வந்தது. “அவன் கோடி கொண்டாரமாட்டான்டி. விடு.”

புருசன் போனால் பொம்பளைக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். தம்பிதான் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் அது சாவைவிடப் பெரிய குறை.

“நீங்க சொல்லுங்கண்ணே” என்றாள் செல்வி. “மாமா பேரை நல்லா அழுத்திச் சொல்லுங்க.”

2. ஊரே அழுதது

அழுத்திச் சொன்னேன்.

“கறிக்கடை சேவுகன் அவர்களின் மைத்துனரும், பொன்னம்மாள் அவர்களின் கணவரும், செல்வியின் தகப்பனாருமாகிய சுப்பையா அவர்கள் இன்று காலை காலமாகிவிட்டார். அன்னாரது இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணிக்கு அவரது இல்லத்திலிருந்து புறப்படும்.”

நான் சொன்னது இது. ஊர் கேட்டது வேறு.

மைக் வயரைச் செருகுகிற ஜாக்கு லூசாகி இருந்தது. மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்தால் வயர் தொய்யும், சத்தம் வரும். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் வயர் இழுபடும், சத்தம் நின்றுபோகும். முதல் பேரை மைக்கை வாயோடு வைத்துச் சொல்வது என் வழக்கம். உறவுகளை வாசிக்கும்போது கை தானாகத் தளரும். ‘காலமாகிவிட்டார்’ வரும்போது திரும்ப வாய்க்குக் கொண்டுபோவேன். உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு இன்ஜின் சத்தத்தில் தன் குரல்தான் கேட்கும். மேலே குழாய் என்ன சொல்லுது என்று தெரியாது.

ஊருக்குக் கேட்டது: “கறிக்கடை சேவுகன் அவர்கள்... காலமாகிவிட்டார். அன்னாரது இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணிக்கு அவரது இல்லத்திலிருந்து புறப்படும்.”

‘அவர்களின்’ என்பதில் ஒரு ‘இன்’ விழுந்தது. ஒரு ஆள் போய்விட்டார்.

எனக்கு அது தெரியாது. முதல் முக்கிலேயே டீக்கடைக்காரர் பாய்லரைத் திறந்தபடி போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த முக்கில் பூக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டது. ஒருத்தர் சைக்கிளோடு அப்படியே நின்றார். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. சுப்பையாவுக்கா இத்தனை பேர்! இன்னும் அழுத்திச் சொன்னேன். சந்தைப்பேட்டை வரைக்கும் போய் அழுத்தினேன்.

செல்வியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“ஊரே அழுகுது தாயி!”

“நெசமாவாண்ணே?”

“பூக்காரம்மா தலையில அடிச்சுக்கிருச்சு.”

“அது அப்பாவைக் கல்லால எறிஞ்சதுல்ல?”

“அதான் சொல்றேன்.”

அவள் முகம் தெளிந்தது. நாற்காலி எடுத்துப் போட்டாள். நாங்கள் காத்திருந்தோம். தெருவில் ஒரு நாய் வந்தது. போனது. செல்வி மாமாவுக்குத் திரும்பப் போன் போட்டாள். இப்போது பிஸி. மறுபடி போட்டாள். பிஸி.

“மாமா ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காகளோ?” என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. பார்த்துவிட்டு வரலாம் என்று ஆட்டோவை எடுத்தேன்.

3. எலும்பு

சேவுகன் வீட்டு முன்னால் ரோடு அடைத்துக் கிடந்தது. பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. கொட்டுக்காரர்கள் கொட்டைத் தீயில் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுயர பிளக்ஸ் ஒன்று நின்றது. அதில் சேவுகன் சிரித்தபடி இருந்தார். மேலே ‘எங்களை விட்டுப் பிரிந்தாயே’ என்று போட்டிருந்தது.

மச்சான் போன அன்றே மச்சினனுமா?

நடந்தது இதுதான். சேவுகன் விடியக்காலையில் கல்லல் பக்கம் ஆடு பிடிக்கப் போயிருந்தார். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்துபோனார். அவர் சம்சாரம் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தால் போன் அலறுகிறது. எடுத்தால் ஒருத்தர் கேட்கிறார்:

“எப்பம்மா நடந்துச்சு?”

“என்ன நடந்துச்சு? அவுக கல்லலுக்கு ஆடு பிடிக்கல்ல போயிருக்காக!”

“அப்ப அங்குட்டுத்தான் நடந்திருக்கும்.”

அதற்கு மேல் அந்தம்மாவும் என்ன செய்யும்? உட்கார்ந்து அழுதது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க சேவுகன். பாடி எப்போது வரும் என்று ஊரே காத்திருந்தது.

பாடி ஒரு குட்டியானை லோடு வண்டியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. பின்னால் ஆடுகள்.

சேவுகன் இறங்கினார். பந்தலைப் பார்த்தார். ஏணி மேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டார்.

“யாருப்பா செத்தது?”

அவன் திரும்பாமலே சொன்னான். “கறிக்கடைச் சேவுகன்.”

“எப்பப்பா?”

“காலைலதான். தங்கமான மனுசன். என்ன, கிலோவுக்குக் கொஞ்சம் எலும்பு கூடப் போடுவாரு.”

“எவன்டா எலும்பு கூடப் போட்டது?”

அவன் திரும்பினான். ஏணியில் ஒரு படியையும் மிதிக்காமல் கீழே வந்தான். கொட்டுக்காரர்கள் பயத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து புருசனைத் தொட்டுப் பார்த்தது. அப்புறம் சாத்து சாத்தென்று சாத்தியது.

“போனை எதுக்குப் போட்டுட்டுப் போனீக? சொல்லுங்க, எதுக்குப் போட்டுட்டுப் போனீக?”

“ஏய், செத்தவனை அடிக்கக்கூடாதுடி!”

சனம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. அழுத கண்ணோடு சிரித்தார்கள். ஒருத்தர் கொண்டுவந்த மாலையை வீணாக்கக்கூடாது என்று சேவுகன் கழுத்திலேயே போட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். வண்டியிலிருந்து குதித்த ஆடுகள் மிச்ச மாலையைத் தின்ன ஆரம்பித்தன. சேவுகன் மாலைக்குள்ளிருந்து தலையை நீட்டி, “எவன்டா சொன்னது?” என்று சத்தம் போட்டார்.

எல்லாக் கையும் என் ஆட்டோவைக் காட்டியது.

4. கோடி

நான் இறங்கிப் போனேன். வேறு வழியில்லை.

“அண்ணே, நான் உங்களைச் சொல்லலை. உங்க மைத்துனரைச் சொன்னேன்.”

“என்ன?”

“சுப்பையாண்ணன். காலைல.”

சிரிப்பு நின்றது. கொட்டும் நின்றது. ஆடு மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சேவுகன் நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தில் மாலைகள்.

“அக்கா?”

“உக்காந்திருக்காக. நீங்க கோடி கொண்டாரமாட்டீகன்னு சொல்றாக.”

“ஆளு வந்துருக்கா?”

“ஒருத்தரும் வரலைண்ணே. செல்வி வாசல்ல நிக்குது. தூக்க ஆள் இல்லைன்னு அழுகுது.”

கொஞ்ச நேரம் பிளக்ஸில் தன் முகத்தையே பார்த்தார். எழுந்தார்.

“எனக்கு வந்தவுகள்ல ஒருத்தரும் வீட்டுக்குப் போகக்கூடாது. எங்குட்டுப் போறீக? என்னைத் தூக்க வந்தீகள்ல? வாங்க, அங்குட்டுத் தூக்குங்க.”

“வால்வுக்கா?” என்றது ஒரு குரல்.

“ஆமா, வால்வுக்குத்தான். எனக்கே தண்ணி விடலை. நான் போறேன். உனக்கென்ன?”

சம்சாரத்தைப் பார்த்து, “கோடி எடுத்துட்டு வா, புள்ள. நல்லதா எடு” என்றார். பந்தல்காரனிடம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். பிளக்ஸ் பையனைக் கூப்பிட்டார்.

“இதுக்குப் பின்பக்கம் வெள்ளைதான?”

“ஆமாண்ணே.”

“அதுல மச்சான் பேரை எழுதுடா. பெருசா.”

பந்தல், கொட்டு, நாற்காலி, சனம் எல்லாம் நடந்தது. முன்னால் என் ஆட்டோ. மைக்கைத் தொடாதே என்று சொல்லிவிட்டார்கள்.

தெருமுனையில் செல்வி எங்களைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னண்ணே சொன்னீக? இவ்வளவு பேரா?”

“அப்புறம் சொல்றேன்” என்றேன்.

சேவுகன் மாலையைக் கழற்ற மறந்து அப்படியே உள்ளே போனார். பொன்னம்மாள் தம்பியைத் தலையோடு கால் பார்த்தார்.

“நீ எதுக்குடா மாலையோட வர்ற?”

“நானும் செத்துட்டேன்க்கா. மைக்குக்காரன் சொல்லிட்டான்.”

பொன்னம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. தம்பி கோடியைத் தோளில் போட்டார். தன் மாலையில் நல்லதைக் கழற்றி மச்சானுக்குப் போட்டார். ஆடு கடித்த மாலையை வெளியே வைத்தார்.

5. முறை இல்லாத நாள்

ஆள் சேர்ந்ததும் பேச்சு வந்தது. முதலில் திட்டினார்கள்.

“என் கல்யாணத்தன்னைக்குக்கூட விடலை, பாவி மனுசன்.”

“குழாயை மூடிட்டு நின்னு சிரிப்பாரு.”

மேட்டுத் தெரு அம்மா ஒன்று சொன்னது: “கீழத் தெருவுல நேரத்துக்கு மூடுனாத்தான் எங்க மேட்டுக்குத் தண்ணி ஏறும். அந்தாளு காலை யாரு பிடிச்சாலும் மூடிருவாரு. அதான் நாங்க குடிச்சோம்.”

“எங்க வீட்லயும் குடம் காலிதான்” என்றாள் செல்வி. “அம்மா பக்கத்துத் தெருவுல போய் எடுத்துட்டு வரும்.”

அது யாருக்கும் தெரியாது.

நாலு மணிக்கு எடுத்தார்கள். முன்னால் வலது தோள் சேவுகன். அதற்கு முன்னால் பிளக்ஸ். முன்பக்கம் பெரிய எழுத்தில் சுப்பையா பேர். பின்பக்கம் சேவுகன் சிரிக்கிறார், ‘எங்களை விட்டுப் பிரிந்தாயே’. தூக்கிப்போகிற சேவுகனுக்கு வழியெல்லாம் எதிரே தன் முகம்தான். “என்னைப் பார்த்து நானே இளிக்கிறேன், எவனாவது திருப்பிப் பிடிங்கடா” என்றார். ஒருத்தரும் திருப்பவில்லை.

முடிந்து திரும்பி வந்தால் குளிக்கத் தண்ணீர் வேண்டும். சுப்பையாவுக்குப் பதிலாக வந்த வால்வு ஆள் கம்பியோடு நின்றான்.

“இன்னைக்கு இந்தத் தெருவுக்கு முறை இல்லை. ஆனா அவுக சாவு. திறந்து விடவாண்ணே?”

எல்லாரும் சேவுகனைப் பார்த்தார்கள்.

“திறந்துறாதே” என்றார். “மேல போறவரு பாதி வழில திரும்பி வந்துருவாரு.”

மொத்தச் சனமும் சிரித்துக்கொண்டே ஊருணிக்கு நடந்தது. செல்வி வாசலில் நின்று பார்த்தாள். அவளும் சிரித்தாள்.

நான் எடுத்துக்கொண்டது

ஜாக்கை மாற்றினேன். மேலே டேப்பும் சுற்றினேன். அதோடு முறையையும் மாற்றினேன். இப்போது இறந்தவர் பேரை முதலில் சொல்கிறேன். அப்புறம்தான் உறவு. மற்ற ஆட்டோக்காரர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். தம்பிகளுக்கும் அதையே சொல்கிறேன். போனவர் பேர் முதலில். இருக்கிறவர்கள் பின்னால் வரட்டும்.

சேவுகன் கடை வழியாகப் போனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அறிவிப்பை முழுசாகக் கேட்பார். முடிந்ததும், “சரி, நான் இல்லை” என்று சொல்லிவிட்டு மறுபடி வெட்டுவார்.

வருசம் திரும்பியது. செல்வி கூப்பிட்டாள். அப்பாவுக்குத் திதி, சாப்பாடு போடுகிறோம், ஊருக்குச் சொல்லுங்கள் என்றாள்.

“மாமா பேரையும் சொல்லணும்ல?” என்றேன்.

“வேணாம்ணே. அப்பா பேரை மட்டும் சொல்லுங்க. வருவாக.”

வந்தார்கள். அன்றைக்கும் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் முறை இல்லை. ஆளுக்கொரு குடம் தண்ணீரோடு வந்தார்கள்.