எய்லிஃப் நம்பாத மலை

எய்லிஃபுக்கு அலுத்துவிட்டது. நார்வேயில், கடல் உள்ளே புகுந்து கிடக்கும் ஒரு கரையோரம், மலையடியில் ஆடு வளர்த்து, அந்தப் பாலைக் காய்ச்சிப் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி செய்து பிழைக்கிற மனிதன். தலைக்கு மேலே நிற்கிற மலை நகருகிறது, ஒருநாள் சரியும் என்று மலைமேல் கருவிப் பெட்டி வைத்து அளக்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மழை வலுத்தால் போதும், சிவப்பு எச்சரிக்கை வந்துவிடும். ஊரே மூட்டை கட்டிப் படகேறி, எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்தில் காப்பி குடித்துச் சீட்டாடும். மலை அசையாது. மறுபடி மழை, மறுபடி மூட்டை. மனுஷனுக்கு வெறுத்துப்போகாதா?

மற்றவர்களுக்கு மூட்டைதான், இவனுக்கு ஆடுகள். ஒவ்வொன்றாக இழுத்துப் படகில் ஏற்றுவதற்குள் முதுகு கழன்றுவிடும். போதாக்குறைக்கு, மிரண்ட ஆடுகள் சரியாகப் பாலும் கறக்காது. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதே மலை அதே இடத்தில்தான் நிற்கிறது, எனக்குத் தெரியாதது அந்தப் பெட்டிக்குத் தெரிந்துவிட்டதாக்கும் என்று பொருமுவான்.

அந்த இலையுதிர்காலத்தில் எச்சரிக்கை வந்தபோது அவன் நாற்காலியை விட்டு எழவேயில்லை. மனைவி குட்னி மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"விழும்னு நீ நம்புறியா?" என்றான்.

"நானும் நம்பலை. ஆனா நம்மளைக் கேட்டுட்டா அது விழப்போகுது? எந்திரி."

அவளுக்காகக் கிளம்பினான். ஆடுகளை ஏற்றவில்லை. நாளைக்கே திரும்பிவிடுவோம், எதற்கு வீண்பாடு என்றான். குட்னிக்கும் உடம்பு ஓய்ந்துபோயிருந்தது, வாதாடவில்லை. ஆட்டுக் கொட்டகையில் தீவனத்தை நிரப்பி வைத்துவிட்டுப் படகேறினார்கள்.

மூடுபனிக்குள் மலை சரிந்தது. பார்த்தவர் யாருமில்லை. எதிர்க்கரையில் கேட்ட சத்தத்தை இடி என்று நினைத்து எய்லிஃப் அடுத்த சீட்டைப் போட்டான்.

பனி விலகி, போகலாம் என்று அனுமதி கிடைத்ததும் போனார்கள். வீடு நின்றது. கொட்டகை இருந்த இடத்தில் பாறைமேடு. அவன் வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு கைகளை வாயருகே குவித்து, மேய்ச்சலிலிருந்து ஆடுகளைக் கூப்பிடுகிற இழுவைக் குரலில் கூப்பிட்டான்.

"மணிச் சத்தம் கேக்குது பாரு குட்னி. மேல ஓடியிருக்குங்க."

குட்னி காது கொடுத்துக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. பாறை இடுக்கில் தண்ணீர் ஓடும் சத்தம்தான் கேட்டது.

"கேக்கலை எய்லிஃப்," என்றாள். "கொட்டகைக் கதவை நாமதானே தாழ் போட்டுட்டுப் போனோம்."

அவன் மறுபடியும் கூப்பிட்டான்.