அம்மாவின் பதினேழு

எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிவகாசியைச் சுற்றி இருக்கிற எந்த ஊரிலும் அப்படித்தான். சாயங்காலமானால் ஒவ்வொரு பட்டாசுக் கம்பெனியிலும் அன்றைக்குச் செய்த சரக்கில் நாலைந்தை எடுத்துப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். சாம்பிள் வெடி என்று அதற்குப் பெயர். ஒன்று வெடிக்கும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், மறுபடி ஒன்று வெடிக்கும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூட அதற்கு விழிக்காது.

ஆனால் இன்னொரு சத்தம் உண்டு. அது வந்தால் அலமாரியில் இருக்கிற தட்டுகள் ஒன்றோடு ஒன்று உரசும். தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து வானத்தில் புகையைத் தேடுவார்கள். யாரும் பேச மாட்டார்கள். எங்கள் அம்மா மட்டும் வாசலுக்கு வருமுன் ஒரு காரியம் செய்வாள். அடுப்பை அணைத்துவிடுவாள். உலையில் எது கொதித்தாலும் சரி, அப்பா நல்லபடியாக இருக்கிறார் என்று தகவல் வருகிற வரைக்கும் மறுபடி பற்ற வைக்க மாட்டாள். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் போன் இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் லைன் கிடைக்காது. அதனால் வருடத்தில் ஒன்றிரண்டு நாளாவது எங்களுக்கு அரை வேக்காட்டுச் சோறு உண்டு. அப்பா வந்து உட்கார்ந்து ஒரு வாய் மென்று பார்த்துவிட்டு, "இன்னைக்கும் நான் செத்துப் போயிட்டேன் போல" என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள்.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம் இது நடந்தது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். வகுப்பில் நான் வாயைத் திறக்கிற பிள்ளை இல்லை. வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்வதற்கே எனக்குத் தொண்டை அடைக்கும். வீட்டுக்கு வந்தால் கதை வேறு. அன்றைக்குச் சேர்த்து வைத்த பேச்சை எல்லாம் அம்மா தலையில் கொட்டுவேன்.

அறிவியல் சார் ஒலிப் பாடத்தை எடுக்க எங்களை எழுப்பி வரிசையாக நிற்க வைத்தார். ஒருத்தி தோளில் அடுத்தவள் கை. கடைசியில் நின்றவளை அவர் லேசாகத் தள்ளினார். அந்தத் தள்ளு தோள் தோளாக வந்து முன்னால் நின்ற என்னிடம் சேர்ந்தது. குட்டையாக இருந்ததால் நான்தான் எப்போதும் முன்னால். கரும்பலகையில் போய் மோதினேன். மூக்கெல்லாம் சாக்பீஸ் தூள். எல்லோரும் சிரித்து முடித்ததும் சார் கேட்டார்: "நடுவுல நின்ன யாராச்சும் இடத்தை விட்டு நடந்து போனீங்களா? இல்ல. ஆனா தள்ளு போய்ச் சேந்துச்சுல்ல? காத்தும் இப்படித்தான். வெடிச்ச இடத்துல இருக்கிற காத்து உங்க காதுக்கு வரல. அது பக்கத்துக் காத்தைத் தள்ளுது, அது அடுத்ததைத் தள்ளுது. கடைசியில வர்ற தள்ளு உங்க செவிப்பறையில மோதுது. இவ கரும்பலகையில மோதுன மாதிரி."

பிறகு மைதானத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு பையனிடம் தட்டும் கரண்டியும் கொடுத்துக் கோடி வரைக்கும் ஓடச் சொன்னார். அங்கே கரண்டி தட்டில் படுவது முதலில் தெரிந்தது. சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. ஒளி கண் இமைக்குமுன் வந்துவிடும், ஒலி நடந்து வருகிற ஆள் மாதிரி, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார் சார். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கினால் இடி எவ்வளவு தூரத்தில் இடித்தது என்று சொல்லிவிடலாமாம்.

மற்ற பிள்ளைகள் மின்னலை நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அம்மா அணைக்கிற அடுப்புதான் நினைவுக்கு வந்தது.

அம்மா வீட்டில் சரவெடிக்கான காகிதக் குழாய் உருட்டிக் கொடுப்பாள். வெறும் காகிதம்தான், மருந்து கிடையாது. மடியில் பலகையை வைத்துக்கொண்டு உருட்டுகிற வேகத்தில் அவள் கை தெரியாது. எண்ணுகிற வாயும் அதே வேகத்தில் ஓடும். ஒன்றை அவள் ஒன்று என்று சொல்ல மாட்டாள். நெல் அளக்கிறவர்கள் மாதிரி 'லாபம்' என்றுதான் தொடங்குவாள். லாபம், ரெண்டு, மூணு.

"அம்மா, அப்பா கம்பெனி எம்புட்டுத் தூரம்னு கண்டுபிடிச்சு வச்சுக்கிட்டா, வேற எங்கயாச்சும் வெடிச்சா நமக்கு உடனே தெரிஞ்சிரும். நீ அடுப்ப அணைக்கவே வேண்டாம்."

அம்மாவின் கை நின்றது. "மறுபடி சொல்லு" என்றாள். என் வாழ்க்கையில் என்னை மறுபடி சொல்லச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னோம். "ஆத்தாளுக்கும் மகளுக்கும் வேற சோலி இல்ல" என்றார். ஆனாலும் மறுநாள் வேலைக்குப் புறப்படும்போது, "இன்னைக்குச் சாயங்காலம் மேல போயி வெடிக்கிற வெடிக்குச் சாம்பிள் இருக்கு. அஞ்சரைக்கு மேல பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கைக்கடிகாரம் எப்போதும் வீட்டில்தான் கிடக்கும். கம்பெனிக்குள் இரும்புச் சாமான் எதுவும் கொண்டுபோகக் கூடாது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

மொட்டை மாடியில் நின்றோம். கிழக்கே கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கம்பெனி. ஐந்தே முக்கால் இருக்கும். வானத்தில் சிவப்பாக ஒரு பூ சத்தமே இல்லாமல் விரிந்தது. "லாபம், ரெண்டு, மூணு" என்று அம்மா பாய்ந்தாள். நான் கடிகார முள்ளைப் பார்த்தேன். 'டொப்' என்று வந்து சேர்ந்தபோது எனக்கு ஏழு விநாடி. அம்மாவுக்குப் பதினேழு.

"அம்மா, நீ கொழாய் எண்ற மாதிரி எண்ணிட்ட. மெதுவா எண்ணணும்."

"மெதுவா எண்ணுனா எனக்கு மறந்துரும்."

"விநாடின்னா ஒரு அளவு இருக்கும்மா!"

"ஒனக்கு ஒன் அளவு, எனக்கு என் அளவு. போடி."

அடுத்த இரண்டு சாயங்காலமும் எண்ணிப் பார்த்தோம். கடிகாரம் ஏழு காட்டியது. அம்மா பிசகாமல் பதினேழு சொன்னாள். எனக்கே வியப்பாகிவிட்டது. முழம் போட்டு அளந்தாலும் கை ஒரே கையாக இருந்தால் சரிதானே. அதற்குப் பிறகு அம்மாவின் எண்ணிக்கையையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குப் பதினேழு.

விஷயம் எதிர்வீட்டு அத்தை காதுக்கும் போயிற்று. சொந்தத்தில் அத்தை இல்லை, கூப்பிட்டுப் பழகிய அத்தை. அந்த வீட்டு மாமா அதே கிழக்குப் பக்கம், இன்னும் தள்ளி இருந்த வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தார். "எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடேன் பாப்பா" என்று அத்தை கேட்டாள். நாலு கிலோமீட்டர். சாரின் கணக்குக்குப் பன்னிரண்டு விநாடி. அம்மா வேகத்தில் இருபத்தொன்பது. அத்தை சிரித்துக்கொண்டே ஒரு கை நிறையச் சாத்தூர் காராச்சேவு கொடுத்தாள். நான் படித்த படிப்புக்கு எனக்குக் கிடைத்த முதல் சன்மானம் அது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா தன் பலகையையும் காகிதத்தையும் மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு துண்டு நிழல் விழும். அதில் உட்கார்ந்து உருட்டுவாள். நிழல் நகர்ந்தாலும் அவள் நகர மாட்டாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள்.

"வெயில் மூஞ்சியில அடிக்குதே, அங்கிட்டுத் திரும்பி உக்காரும்மா" என்றேன் ஒருநாள்.

"இங்கனதான் காத்து வருது."

அப்பாவும் கேலி செய்தார். "என்ன, மகாராணி இப்ப மாடியிலதான் தர்பாரா?"

"கீழ புழுக்கமா இருக்குல்ல" என்றாள் அம்மா.

தீபாவளி சீசன் மும்முரமாக இருந்த ஒரு சனிக்கிழமை. எனக்கு லீவு. மாடியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டின குழாய்களைக் காய வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருந்தாள். ஏதோ என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, "லாபம்" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கே கருவேலங்காட்டுக்கு மேல் வெள்ளைப் புகை உருண்டுகொண்டிருந்தது. சத்தம் இல்லை. அம்மா மடியில் இருந்த குழாய்கள் தரையில் உருண்டன. கை அசையவில்லை, வாய் மட்டும் ஓடியது. பத்து, பதினொண்ணு. நான் கடிகாரம் எடுக்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினஞ்சு, பதினாறு, பதினேழு.

பதினேழில் சத்தம் வரவில்லை.

அம்மா நிறுத்தவில்லை. பதினெட்டு என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்த மாதிரி இருந்தது. அப்படியே போய், இருபத்தொன்பதில் அது வந்தது. கீழே அலமாரித் தட்டுகள் உரசுவது மாடிக்கே கேட்டது. அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

தெருவில் கதவுகள் திறந்தன. பெண்கள் வாசலுக்கு வந்து எப்போதும்போல் வாய் திறவாமல் வானத்தைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. வகுப்பில் உள்ளேன் ஐயா சொல்லத் தொண்டை அடைக்கிறவள், கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்:

"எங்களுது இல்ல! எங்க கம்பெனி இல்ல! இருபத்தொம்பது!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எதிர்வீட்டு அத்தையும் பார்த்தாள். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது.

"அது எங்களோடதாச்சே பாப்பா" என்றாள். கத்தக்கூட இல்லை, என்னிடம் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா என்னைச் சுவரிலிருந்து இழுத்து இறக்கி முதுகில் ஒன்று வைத்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததில்லை. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள். மேலே இருந்து பார்த்தேன். அத்தையைத் தூக்கி நிறுத்தி, தோளில் கை போட்டுக்கொண்டு கிழக்குப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் போனார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணக்குச் சரியாகத்தானே வந்தது? அப்பா நல்லா இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் அம்மா ஏன் ஓட வேண்டும்? அடி வேறு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிதறின குழாய்களைப் பொறுக்கினேன்.

கீழிருந்து தீய்ந்த வாடை வந்தது. அம்மா அன்றைக்கு அடுப்பை அணைக்க மறந்திருந்தாள்.

பாதி வழியிலேயே மாமா சைக்கிளில் எதிரே வந்துவிட்டாராம். தலை, மீசையெல்லாம் சாம்பல். கழிவுக் காகிதத்தையும் தேறாத வெடிகளையும் கொட்டி வைக்கிற குழியில் தீப்பிடித்து மொத்தமாக வெடித்திருக்கிறது. சாப்பாட்டு நேரம், பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ரோட்டை அடைத்துக்கொண்டு வருகிற பெண்களைப் பார்த்து மாமா பிரேக் போட்டு, "என்ன தாய்களா, எங்கன விசேசம்?" என்று கேட்டிருக்கிறார். அத்தை சைக்கிளோடு சேர்த்து அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டாளாம். பல வருடம் எங்கள் தெருவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சாயங்காலம் அத்தை ஒரு தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்தாள். "ஒங்க வீட்டுல தீஞ்சிருச்சாமே" என்றாள். என்னைப் பார்த்து, "கணக்குச் சரியாத்தான் போட்டிருக்க" என்று கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. படுக்கும்போது என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"எண்ணு, வேண்டாங்கல. ஆனா வாய்க்குள்ளயே எண்ணு."

இருபத்தொன்பது என்பது யாரோ ஒருத்தி வாசலில் உட்கார்ந்துவிடுகிற எண் என்பதை அப்போது கொஞ்சம் புரிந்துகொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தள்ளு தோள் தோளாக வந்து அம்மா மீதும் மோதியதால்தான் ஓடினாள் என்பதும் போகப்போகத் தெரிந்தது. தெரியாமலே இருந்தது வேறொன்று.

பல வருடம் கழித்து, எனக்குக் கல்யாணமும் ஆன பிறகு, முழங்கால் வலி தாங்காமல் அப்பா கம்பெனியை விட்டு நின்றார். அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சித்திரை வெயில். மின்சாரம் இல்லை. கூடத்தில் மூச்சு முட்டியது. அம்மா பலகையோடு கீழேதான் உட்கார்ந்திருந்தாள், சுவரைப் பார்த்தபடி.

"என்னம்மா, மாடிக்குப் போகல?" என்றேன்.

"அங்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் குழாய் உருட்டினாள்.

சத்தம் கேட்பதற்குக் காது போதும். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் கேட்கும். ஆனால் எண்ணுவதற்கு, முதலில் வெளிச்சத்தையோ புகையையோ கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அது எப்போது எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சார் இதைச் சொல்லித்தரவில்லை. நானும் யோசிக்கவில்லை. அதுவரை சத்தம் கேட்ட பிறகு மட்டும் பயந்துகொண்டிருந்தவள் அம்மா. அவள் அடுப்பு அணையாமல் எரியட்டும் என்று ஒரு கணக்கைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, எத்தனையோ வருடம், வெயில் முகத்தில் அடிக்க அடிக்கக் கிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காற்றுக்காக என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.