சிரிப்பு அடங்கும்வரை

என் அக்காவைப் பார்த்து ஊரே சிரித்திருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரே ஒரு நாள், அந்தச் சிரிப்பைக் கேட்டு, கையிலிருந்த பவுடர் டப்பாவை ஜனங்கள்மேல் வீசிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

சின்ன வயதிலேயே அவளுக்கு வாய் நீளம். வீட்டுக்கு யார் வந்து போனாலும், கதவைச் சாத்திய மறுநிமிஷம் அவர்களைப் போலவே பேசி, நடந்து காட்டுவாள். அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். ஒரு தடவை அவருடைய மேலதிகாரி மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போய், எடுப்பதற்குத் திரும்பி வந்தார். இவள் நடுக்கூடத்தில் அவரைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். அம்மா வெளுத்து வாங்கிவிட்டாள். அந்த மனுஷரோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இவளைப் பேசாம நாடகத்துல சேர்த்துவிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைத் திட்டாக எடுத்துக்கொண்டாள். அக்கா அதையே வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

நாடகக் குழுவில் முதலில் கிடைத்தது வேலைக்காரி வேஷம். தட்டோடு வந்து, "ஐயா, யாரோ வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான். வந்திருப்பது யாரென்று எனக்குத் தெரியும், உனக்குச் சொல்வேனா பார் என்கிற தோரணையில் அந்த ஒரு வரியைச் சொன்னாளாம். கொட்டகையே அதிர்ந்தது. அடுத்த வசனம் பேசவேண்டிய கதாநாயகன் திருதிருவென்று விழித்தான். நடுவில் அவளுக்குக் கல்யாணம் ஒன்று நடந்தது. சீக்கிரமே அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நானும் பேசப்போவதில்லை.

பிறகு டிவி. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் நடக்கிற நகைச்சுவைத் தொடர். கீழ்வீட்டில் ஒரு குடும்பம். கூப்பிடாமலேயே அங்கே நுழைந்து எதையாவது இரவல் கேட்கிற மாடிவீட்டுக்காரி என் அக்கா. வருஷக்கணக்காக ஓடியதில் அவளுடைய சொந்தப் பெயரே ஜனங்களுக்கு மறந்துவிட்டது. காய்கறிக்காரர்கூட, "மாடிவீட்டக்கா, இன்னிக்கு என்ன இரவல்? தராசா?" என்பார். நான் அவளுக்கு ஒப்பனைக்காரி. கூடப்பிறந்தவள் என்பதால் திட்டிக்கொண்டே பவுடர் போடலாம். அது ஒரு வசதி.

எங்கள் தொடரில் சிரிப்பை மெஷினில் சேர்ப்பதில்லை. செட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு ஜனங்களை உட்காரவைத்து, அவர்கள் முன்னால் நாடகம் மாதிரி நடித்துப் படம் பிடிப்பார்கள். அவர்கள் சிரிப்பும் சேர்ந்தே பதிவாகும். ஆகவே, நடிக்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. சிரிப்பு எழுந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவேண்டும். முந்திக்கொண்டு பேசினால் வசனம் அமுங்கிப்போகும். முழுக்க ஓய்ந்தபிறகு பேசினால் காட்சி படுத்துவிடும். சிரிப்பு இறங்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்து அடுத்த வரியை எடுக்கவேண்டும். இதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்குக் காது போக ஆரம்பித்தது. முதலில் வலது, பிறகு இடது. டாக்டர் ஒரு கருவி மாட்டிவிட்டார். செட்டில் மைக்குக்கு அடியில் போய் நின்றதும் அது கீச்சென்று கத்தியது. ஒலிப்பதிவாளர் எலி புகுந்துவிட்டதென்று சோபாவைப் புரட்டித் தேடினார். அக்கா பாத்ரூமில் அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டவள்தான், அதற்குப் பிறகு ஸ்டூடியோவுக்குள் மாட்டவேயில்லை.

"சொல்லித் தொலையேன்க்கா. காது மந்தம்னா கொலைக்குத்தமா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதாடி?"

தெரியும். தொடரில் தாத்தாவாக நடித்தவருக்கு முழங்கால் முடியாமல் போயிற்று. அடுத்த வாரமே கீழ்வீட்டம்மா, "தாத்தா ஊருக்குப் போயிட்டாரு" என்று ஒரு வரி சொன்னாள். அந்தத் தாத்தா இன்றுவரை ஊரிலிருந்து திரும்பவில்லை. தனக்கும் அப்படி ஒரு வரியை எழுதிவிடுவார்களோ என்றுதான் அக்கா நடுங்கினாள். ஸ்டூடியோவை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அங்கே போகாத நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பார்க்கச் சகிக்காத முகத்தோடு இருப்பாள்.

கூட நடிப்பவர்களின் உதட்டைப் பார்த்தே வசனத்தைப் பிடித்துவிடுவாள். சிரிப்புக்கு ஏது உதடு? விளக்குகள் கண்ணைக் கூசவைக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வெறும் இருட்டு. அதற்கு நாங்கள் ஒரு வழி பண்ணினோம். கேமராவுக்குப் பக்கத்தில் பவுடர் பஞ்சோடு நான் நிற்பேன். சிரிப்பு எழுந்தால் பஞ்சை நெஞ்சுக்கு நேராகத் தூக்குவேன். இறங்க ஆரம்பித்தால் நானும் இறக்குவேன். அவள் பேசுவாள். தும்மல் வந்தால்கூடக் கதை கந்தல்.

பழைய இயக்குநர் ஓய்வெடுத்துக்கொள்ள, புதிதாக ஒருவர் வந்தார். இளவட்டம். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசுவார். வந்த அன்றைக்கே, ஜனங்களை உள்ளே விடுவதற்குக் கொஞ்சம் முன்பாக, அந்த ஸ்பீக்கர் பேசியது.

"செட்டுக்குள்ள தேவையில்லாதவங்க யாரும் நிக்க வேணாம். மேக்கப்புக்காரங்க கதவுக்கு வெளிய இருங்க. கூப்பிட்டா வாங்க."

"சார், அக்காவுக்கு ரொம்ப வேர்க்கும் சார்," என்றேன் அண்ணாந்து பார்த்து.

"கூப்பிட்டா வாங்கம்மா."

அக்காவை ஒப்பனை அறைக்கு இழுத்துக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம்க்கா."

"இன்னிக்குச் சொல்லலாம். அப்புறம்?"

"கீழ்வீட்டுக்காரரா நடிக்கறவர்கிட்ட சொல்லுவோம். நல்ல மனுஷன். அவர் ஏதாச்சும் சைகை காட்டட்டும்."

"அவரா? டீ ஆறதுக்குள்ள ஸ்டூடியோ பூராவும் சொல்லிடுவாரு." தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். "எந்த வரிக்கு எவ்ளோ சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒரு குத்துமதிப்பா ஓட்டிடறேன். நீ போய் நில்லு."

கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். அக்கா செட்டுக்குள் நுழைந்ததும் கைதட்டினார்கள். முதல் வரிக்குச் சிரிப்பு. சரியான நேரத்தில் அடுத்ததை எடுத்தாள். இரண்டாவதற்கும் அப்படியே. எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

மூன்றாவதுதான் அந்தக் காட்சியின் உச்சம். கீழ்வீட்டுக்காரரிடம் அவருடைய சோபாவையே இரவல் கேட்கிறாள், வீட்டுக்கு விருந்தாளி வருவதாகச் சொல்லி. "அப்ப நாங்க எங்க உக்கார்றது?" என்று அவர் கேட்கவேண்டும். "எங்க வீட்டுலதான். விருந்தாளியே நீங்கதானே" என்று அவள் சொல்லவேண்டும். ஒத்திகையில் மின்சாரக்காரர்கூட ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் கீழ்வீட்டுக்காரர் அன்று பதிவில் தன் வரியை மென்று விழுங்கிவிட்டார். ஜனங்களுக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. அவர் உதடு அசைந்ததைப் பார்த்து அக்கா தன் வரியைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்கு அது எப்படித் தெரியும்? சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தாள். புருவத்தைத் தூக்கி, இடுப்பில் கைவைத்து, வராத சிரிப்பு அடங்குவதற்காக ராணி மாதிரி நின்றாள். கீழ்வீட்டுக்காரர் வெலவெலத்துப்போய் அவளையே பார்த்தார். யாரோ இருமினார்கள். கதவின் கைப்பிடியை நான் பிடித்திருந்த பிடியில் என் விரல் மரத்துவிட்டது. அவள் இன்னும் காத்திருந்தாள்.

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அக்கா நின்ற கோலத்தைப் பார்த்து மொத்தக் கூட்டமும் வெடித்தது. அந்தச் சிரிப்பு உச்சத்தில் இருந்தபோது அக்கா நிதானமாக அடுத்த வரியைச் சொன்னாள். ஒரு வார்த்தையும் யார் காதிலும் விழவில்லை.

"கட்! அக்கா, பிரமாதம்!" என்றது ஸ்பீக்கர். "அப்படி நின்னீங்களே, அதை அப்படியே இன்னொரு தடவை பண்ணுங்க. அடுத்த வரியை மட்டும் கொஞ்சம் லேட்டா எடுங்க."

அக்கா சோபாவில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கீழ்வீட்டுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தார். அவள் படிப்பதற்கு அங்கே ஒரு வாயும் இல்லை.

"அக்கா, சரியா?" கொஞ்சம் பொறுத்து, "அக்கா, உங்களைத்தான்!"

கூட்டத்தில் முணுமுணுப்பு. நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். உதவி இயக்குநர் குறுக்கே கை நீட்டி மறித்தார். அந்த அசைவு கண்ணில் பட்டுத்தான் அக்கா நிமிர்ந்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள். மேலே பார் என்று சாடை காட்டினேன். பார்த்தாள். கண்ணாடியில் விளக்குதான் தெரிந்திருக்கும். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இதற்குமேல் மறைக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

செட்டின் விளிம்புவரை நடந்துவந்து, ஜனங்களைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"மன்னிச்சுக்குங்க. எனக்குக் காது கேக்காதுங்க. ரொம்ப நாளாவே கேக்கறதில்ல."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். அப்போதுதான் டப்பாவை வீசலாமா என்று தோன்றியது. வீட்டில் என்னிடம் பேசுகிற குரலில், வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள் அவள். மாடிவீட்டக்கா சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள் அவர்கள். அக்கா கண்ணைச் சுருக்கி முன்வரிசையைப் பார்த்தாள். தோள்கள் குலுங்குவது தெரிந்திருக்கவேண்டும். கூப்பிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

புது இயக்குநர் படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்து அவள் எதிரே நின்றார். "எங்கேருந்துக்கா பிடிச்சீங்க இதை! இனிமே மாடிவீட்டக்காவுக்குக் காது கேக்காது. இதை வெச்சே எவ்வளவோ பண்ணலாம்!"

"சார், அவங்க நடிக்கல சார், நிஜமா..." என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து எலும்பு நோக அழுத்தினாள்.

"பண்ணிடலாம் தம்பி," என்றாள்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. சொன்னப்போ ரொம்பச் சாதாரணமா இருந்தீங்க. காது கேக்காதவங்க அப்படி இருக்கமாட்டாங்க. கையைக் காதுகிட்ட குவிச்சு, கழுத்தை நீட்டி, 'ஆங்?'னு கத்தணும். எங்க, செய்யுங்க பாப்போம்."

செய்தாள். அவர் அவளுடைய விரல்களைப் பிடித்துத் திருத்தி வைத்தார். மறுபடி செய்தாள். கழுத்தை இன்னும் நீட்டினாள், இன்னும் கத்தினாள். ஜனங்கள் சிரித்தார்கள். இயக்குநர் கையைத் தட்டிவிட்டுப் படிப்பக்கம் திரும்பி, போகிறபோக்கில், "இப்பத்தான்க்கா நிஜமா இருக்கு!" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "என்னடி சொல்லிட்டுப் போறான்?"

சொன்னேன். அவள் என் கையிலிருந்த பஞ்சைப் பிடுங்கி, நெற்றி வியர்வையைத் தானே ஒற்றிக்கொண்டாள்.

"அதை விடு. அப்போ வேலை இருக்குல்ல?"

"இருக்குக்கா," என்றேன், அவளுக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து.